எவ்வளவு என்று கேட்கும் கைப்பிடி

லூனார் லேண்டர் ஆர்கேட் எந்திரத்தின் முன்னால் போய் நிற்பவர் கண்ணில் திரைக்கு முன்பே படுவது அதன் கைப்பிடிதான். பலகையின் வலப்பக்கத்தில், இரண்டு கையாலும் பற்றிக்கொள்ளும்படி, தேவைக்கு மேல் பெரிதாக ஒரு லீவர். கொஞ்சம் நகர்த்தினால் நிலாவில் இறங்கும் கலத்தின் எஞ்சின் கொஞ்சம் எரியும். முழுக்க நகர்த்தினால் முழுக்க எரியும். கையை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். எஞ்சின் அணைந்து கலம் விழத் தொடங்கும். அட்டாரி 1979 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. செய்த எந்திரங்கள் மொத்தம் 4,830. அதற்குப் பிறகு அந்த விளையாட்டு பல வடிவங்களில் வந்துவிட்டது. அசல் நிரலையே இன்று வீட்டுக் கணினியில் ஓட்டலாம். லீவர் மட்டும் அநேகமாகக் கூட வருவதில்லை. வேண்டுமென்றால் தேடிப் பிடிக்க வேண்டும், கிடைக்காவிட்டால் செய்துகொள்ள வேண்டும்.

அப்படித் தேட வைக்கும் அளவுக்கு இந்தக் கைப்பிடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, அது புறப்பட்ட இடமான நிலாவுக்கே போக வேண்டியிருக்கிறது.

அப்பல்லோவின் நிலாக் கலத்தை நியூயார்க்கின் லாங் ஐலண்டில், பெத்பேஜ் என்ற ஊரில், கிரம்மன் நிறுவனம் கட்டியது. இறங்குவதற்கான எஞ்சினை டிஆர்டபிள்யூ செய்தது. அன்றைய ராக்கெட் எஞ்சின்களில் பெரும்பாலானவை எரிந்தால் முழுக்க எரியும், இல்லையென்றால் அணைந்து கிடக்கும். நிலாவில் இறங்க அது உதவாது. காற்றில்லாத இடத்தில் பாராசூட்டுக்கு வேலையில்லை. வேகத்தைக் குறைப்பது முழுக்க எஞ்சின் பாடு. அதுவும் எரிபொருள் தீரத் தீரக் கலத்தின் எடை குறைந்துகொண்டே போகும். விசையையும் கூடவே தணிக்காவிட்டால், இறங்க வேண்டிய கலம் மேலே ஏற ஆரம்பித்துவிடும். ஆகவே சுமார் 45 கிலோநியூட்டன் விசை கொண்ட அந்த எஞ்சினைப் பத்தில் ஒரு பங்கு வரை தணிக்கும்படி அமைத்தார்கள். எரிபொருள் நுழையும் வாயின் அளவை ஓர் அசையும் உறை கூட்டும், குறைக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த எஞ்சினைப் 10 முதல் சுமார் 60 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரே தாவலில் உச்ச விசைக்குப் போய்விட வேண்டும். இடைப்பட்ட பகுதியில் ஓட்டினால் நாஸிலின் உட்சுவர் கணக்கில்லாமல் அரிபடும் என்பதால் அது விலக்கப்பட்ட பிரதேசம். நிஜ எஞ்சினின் வீச்சில் இப்படி ஒரு பள்ளம் இருந்தது. அட்டாரி லீவரில் அது கிடையாது.

கலத்துக்குள் விண்வெளி வீரரின் இடது கைக்கு ஒரு பிடி இருந்தது. அதைத் த்ராட்டில் நிலைக்கு மாற்றிக்கொண்டு மேலும் கீழும் அசைத்தால் எஞ்சின் ஏறி இறங்கும். ஆனால் தரையிறங்கிய ஆறு முறையும், கடைசி நிமிடங்களில், எஞ்சினை ஓட்டியது கணினிதான். பி66 என்று பெயரிட்ட அந்த நிரலில் ஒரு சிறு சுவிட்ச் மட்டும் கமாண்டருக்கு. ஒரு தட்டுத் தட்டினால் இறங்கும் வேகம் நொடிக்கு ஓர் அடி கூடும் அல்லது குறையும். எவ்வளவு எரிய வேண்டும் என்ற கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும். முழுக்கக் கையாலேயே த்ராட்டிலை நடத்தவும் ஒரு நிரல் தயாராக இருந்தது. தரையிறங்க அதை யாரும் நம்பியிருக்கவில்லை. ஆக, ஆர்ம்ஸ்ட்ராங்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் கணினியிடம் விட்டுவிட்ட வேலையைத்தான் பத்து வருஷம் கழித்து அட்டாரி ஒரு காசுக்கு விற்றது.

அந்த இறங்கு நிரல்களை எழுதியது மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் நகரத்து எம்ஐடியின் கருவியியல் ஆய்வகம். அங்கிருந்து சில மைல் தள்ளி லெக்சிங்டன். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிடிபி-8 கணினி இருந்தது. அப்பல்லோ 11 இறங்கிய அதே 1969-ன் இலையுதிர்காலத்தில், ஜிம் ஸ்டோரர் என்ற மாணவர் அதில் ஃபோக்கல் மொழியில் ஒரு நிலா இறக்க விளையாட்டை எழுதினார். பின்னாளில் அவர் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர் ஆனார். விளையாட்டில் திரை கிடையாது. டெலிடைப் எந்திரம் தடதடவென்று காகிதத்தில் உயரம், வேகம், மிச்ச எரிபொருள் ஆகியவற்றை அடித்துக் காட்டும். பத்து நொடிக்கு ஒருமுறை ஆட்டக்காரர் எண் ஒன்றைத் தட்ட வேண்டும்: நொடிக்கு எத்தனை பவுண்டு எரிபொருள்? பூஜ்யம் தரலாம், இல்லாவிட்டால் 8 முதல் 200-க்குள் எதையும் தரலாம். ஒன்று முதல் ஏழு வரை செல்லாது. தொடக்கம் 120 மைல் உயரத்தில், மணிக்கு 3,600 மைல் வேகத்தில்.

லீவர் இல்லை, ஸ்பிரிங் இல்லை. ஆனால் லீவர் கேட்கப்போகும் கேள்வி அப்படியே இங்கே இருக்கிறது. எரிக்கிறாயா என்று இந்த விளையாட்டு கேட்கவில்லை. எவ்வளவு எரிக்கிறாய் என்று கேட்கிறது. என் கணக்கில் லூனார் லேண்டர் லீவரின் முதல் உருவம் அந்தக் காகிதத்தில் அடித்த கேள்விக்குறிதான். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் டேவிட் அல் இதை பேசிக் மொழிக்கு மாற்றி, 1973-ல் தொகுத்த விளையாட்டுப் புத்தகத்தில் அச்சிட்டார். அங்கிருந்து அது கணினி வைத்திருந்த பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பரவியது. 2024-ல் ஒரு பொறியாளர் ஸ்டோரரின் பழைய நிரலைப் பிரித்துப் பார்த்து, சூத்திரத்தில் ஓரிடத்தில் இரண்டால் வகுக்க விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். கடைசி நொடியில் முழு விசை கொடுத்துப் பூப்போல இறங்கப் பார்த்தால் அந்தப் பிழை கெடுத்துவிடும். ஐம்பத்தைந்து வருஷம் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

1973-லேயே அந்தக் கேள்விக்கு ஒளியில் பதில் சொல்லும் வழியும் வந்தது. அதே டிஜிட்டல் நிறுவனம் ஜிடி40 என்ற, கோடுகளாகப் படம் வரையும் வெக்டர் திரை முனையத்தை விற்க, கண்ணைப் பறிக்கும் காட்சி ஒன்று தேவைப்பட்டது. ஜாக் பர்னஸ் 'மூன்லேண்டர்' எழுதினார். திரையில் மலைகள், கலம், ஓரத்தில் விசையைக் காட்டும் பட்டை. ஒளிப்பேனாவால் அந்தப் பட்டையைத் தொட்டு விசையை மாற்றலாம். எண் தட்டும் வேலை போய், விசை கண்ணால் பார்க்கும் நீளம் ஆனது. நிலாவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையையும் பர்னஸ் ஒளித்துவைத்திருந்தார். பக்கத்தில் சரியாக இறங்கினால் வீரர் இறங்கிப்போய்ச் சாப்பாடு வாங்கி வருவார். வேலைக்கென்று எழுதிய நிரலில் இப்படி ஒரு குறும்பு நுழைந்துவிட்டால் அது எழுதியவரை விட அதிக நாள் பேசப்படும். மூன்லேண்டரைப் பற்றிப் பேசும் எவரும் கடையைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை.

ஆர்கேட் பக்கம் சினிமட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-ல் 'ஸ்பேஸ் வார்ஸ்' என்ற வெக்டர் விளையாட்டைக் கொண்டுவந்து காசு பார்த்தது. அட்டாரிக்கும் அந்த மாதிரித் திரை வேண்டியிருந்தது. கிராஸ் வேலியில் இருந்த ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கிவைத்த வெக்டர் சுற்றை சன்னிவேலில் ஹோவர்டு டெல்மன் கையில் எடுத்து முடித்தார். என்ன விளையாட்டு செய்யலாம் என்றபோது அவருக்கு ஜிடி40-ல் பார்த்த நிலா இறக்கம் ஞாபகம் வந்தது. நிரலை ரிச் மூர் எழுதினார்.

ஆர்கேட் கடையில் ஒளிப்பேனா ஒரு வாரம் தாங்காது. கலத்தை இடமும் வலமும் சாய்க்க இரண்டு பொத்தான் போதும். சாய்க்கிறோமா இல்லையா என்பதற்கு மேல் அங்கே கேள்வி இல்லை. விசைக்குத்தான் அது போதாது. இப்படித்தான் அந்தப் பெரிய லீவர் பலகைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருக்குமே, அதே சாமான். லீவர் நகர்ந்தால் மின்னழுத்தம் மாறும். சுற்று அதை எட்டு பிட் எண்ணாக்கி 6502 செயலிக்குத் தரும். இரண்டு கைக்கும் பிடி வைத்தார்களே தவிர, இடது கை எப்போதும் சாய்ப்புப் பொத்தான்களில் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த இரண்டாவது பிடி வேலைக்கு வந்ததை விட அழகுக்கு இருந்ததே அதிகம்.

லீவர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளையாட்டின் வியாபாரத்தைப் பார்த்தால் புரியும். காசு போட்டால் மற்ற விளையாட்டுகளில் உயிர் கிடைக்கும். இதில் எரிபொருள் கிடைக்கும். ஒரு காசுக்கு 450, 600, 750, 900 என்று எத்தனை அலகு கொடுப்பது என்பதைக் கடைக்காரர் உள்ளே இருக்கும் சின்னச் சுவிட்சுகளால் வைத்துக்கொள்வார். நடுவானில் எரிபொருள் குறைந்தால் இன்னொரு காசு போட்டுக்கொள்ளலாம். அதாவது லீவரைத் தேவைக்கு ஒரு மயிரிழை கூடுதலாகப் பிடித்திருந்தால், சட்டைப்பையிலிருந்து நேராகப் பணம் எரிகிறது. ஆபத்தென்றால் அழுத்த 'அபார்ட்' பொத்தான் உண்டு. அது கலத்தை நிமிர்த்தி முழு விசையில் மேலே தூக்கிவிடும், எரிபொருளை அள்ளி விழுங்கிக்கொண்டு.

நல்ல இறக்கத்துக்கு 50 புள்ளி, முரட்டு இறக்கத்துக்கு 15, மோதி நொறுங்கினாலும் ஆறுதலாக 5. இறங்கும் தளம் குறுகலாக இருந்தால் அதற்கேற்ற பெருக்கம். மொத்தம் நான்கு நிலை. முதல் நிலையில் காற்றின் இழுவை கொஞ்சம் காப்பாற்றும். நான்காவதில் ஈர்ப்பும் கடுமை, சாய்த்த கலம் தானாக நிற்கவும் நிற்காது, சுழன்றுகொண்டே போகும். நொறுங்கினால் பத்து கோடி டாலர் கலத்தைப் பாழாக்கினாய் என்ற பாணியில் திரை கிண்டல் செய்யும்.

கடைசி ஐம்பது அடிதான் லீவரின் அரங்கம். கலம் கீழே போகிறது. ஈர்ப்புக்குச் சரிசமமாக விசை கொடுத்தால் வேகம் மாறாது. அதற்குக் கொஞ்சம் கூட்டினால் வேகம் குறையும், இன்னும் கூட்டினால் மேலே ஏறிவிடும். அந்தச் சரிசமப் புள்ளி எங்கே என்று திரையில் எழுதியிருக்காது. கைதான் தேடிக் கண்டுபிடிக்கும். எரியும் ஒலியும், லீவரை எதிர்த்துத் தள்ளும் ஸ்பிரிங்கின் அழுத்தமும் சேர்ந்து, இத்தனை அழுத்தம் என்றால் இத்தனை விசை என்று தோள்பட்டைக்குச் சொல்லிக்கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் ஆட்டக்காரர் லீவரைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். ஸ்பிரிங் இல்லாத லீவரில் இந்தப் பாடம் நடக்காது. கையை எடுத்த இடத்திலேயே அது நின்றுவிடும், கைக்கு எதிரே ஒன்றும் இருக்காது.

இவ்வளவு நுட்பத்தையும் ஒரு பொத்தான் சில மாதங்களில் தோற்கடித்தது. அதே வெக்டர் சுற்றில் எட் லாக் நிரல் எழுதிய 'ஆஸ்டிராய்ட்ஸ்' 1979 நவம்பரில் வந்தது. அதிலும் கலம் உண்டு, உந்துவிசை உண்டு. ஆனால் உந்துவிசைக்கு ஒரு பொத்தான். அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. ஆஸ்டிராய்ட்ஸ் 70,000-க்கும் மேல் விற்றது. அட்டாரி லூனார் லேண்டரைக் குறைத்துக்கொண்டு ஆஸ்டிராய்ட்ஸ் செய்ய ஓடியது. தொடக்கத்தில் சில நூறு ஆஸ்டிராய்ட்ஸ் எந்திரங்கள் லூனார் லேண்டரின் பெட்டியிலேயே அனுப்பப்பட்டன. லீவருக்காகச் செய்த பெட்டிக்குள் பொத்தான் குடியேறிவிட்டது. கடைக்காரர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. பொத்தான் மலிவு, உடைந்தால் மாற்றுவது ஒரு நிமிட வேலை, புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. நான் ஆர்கேட் கடை வைத்திருந்தால் நானும் ஆஸ்டிராய்ட்ஸைத்தான் வாங்கியிருப்பேன்.

அதற்குப் பின் லீவர் பல வருஷம் கண்ணில் படாமல் போனது. எந்திரங்கள் கிடங்குக்குப் போயின, பழுதாயின, வேறு விளையாட்டுகளாக உருமாற்றப்பட்டன. 1997 பிப்ரவரியில் இத்தாலியின் நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்ற எமுலேட்டரின் முதல் பதிப்பை வெளியிட்டார். பழைய ஆர்கேட் சுற்றுகளைக் கணினிக்குள் பாவனை செய்து அசல் நிரலையே ஓட்டும் மென்பொருள் அது. பின்னர் லூனார் லேண்டரும் அதற்குள் வந்து சேர்ந்தது. விளையாட்டின் உயிர் பிழைத்தது, உடம்பு இல்லை.

மேமில் லூனார் லேண்டரின் உள்ளீடுகளைப் பார்ப்பவர் ஒரு கணம் குழம்புவார். உந்துவிசை 'பெடல்' என்ற வகையில் பதிவாகியிருக்கும். கையால் இழுக்கும் லீவர் காலுக்கு எப்படிப் போயிற்று? காரணம் சாதாரணமானது. மேம் அனலாக் உள்ளீடுகளைச் சில வகைகளாகப் பிரித்துவைத்திருக்கிறது: நடுவில் நின்று இரு பக்கமும் போவது ஸ்டிக், முடிவில்லாமல் சுற்றுவது டயல். ஒரு முனையில் ஓய்ந்திருந்து ஒரே பக்கம் போய், விட்டதும் திரும்புவது பெடல். நடத்தையை வைத்துப் பார்த்தால் நம் லீவர் பெடலேதான்.

கீபோர்டில் விளையாடினால் நடப்பது இது: ஒரு கீயை அழுத்திப் பிடித்தால் உந்துவிசை படிப்படியாக ஏறும், விட்டால் படிப்படியாக இறங்கும். அளவு என்ற கேள்வி நேரம் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. ஆட்டக்காரர் கீயைத் தட்டித் தட்டி ஒரு சராசரியைப் பிடித்து வைக்கப் பார்ப்பார். சமையலறைக் குழாயைப் பாதி திறக்க முடியாமல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் போன்ற வேலை. ஆர்கேட்1அப் நிறுவனம் 2018-ல் விற்ற முக்கால் உயர ஆஸ்டிராய்ட்ஸ் பெட்டியில் லூனார் லேண்டரும் உண்டு. பலகையில் ஒரு ஸ்பின்னரும் பொத்தான்களும் மட்டும். லீவர் இல்லை.

கேம்பேட் வைத்திருப்பவர் இங்கே குறுக்கிடலாம். இன்றைய கேம்பேடின் பின்பக்க ட்ரிகர் அனலாக்தானே? விட்டால் திரும்பும், ஒரே பக்கம் போகும், எக்ஸ்பாக்ஸ் வகையில் 0 முதல் 255 வரை எண் தரும். உண்மைதான். மின்னியல் கண்ணோட்டத்தில் அது லூனார் லேண்டர் லீவரின் ஒன்றுவிட்ட சகோதரன். ஆனால் அதன் மொத்த ஓட்டமும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 25 சென்டிமீட்டர் நீள லீவர் 45 டிகிரி நகர்ந்தால் கைப்பிடி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வழி போகிறது. அதே 255 படிகளை இருபது மடங்கு இடத்தில் பரப்பினால் கைக்குக் கிடைக்கும் துல்லியம் வேறு. விரல் நுனிக்கும் தோளுக்கும் உள்ள வித்தியாசம் அது. லீவர் செய்பவர்கள் ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று கேட்டால் நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

தேடலில் முதல் ஆசை அசல் லீவர். 4,830 எந்திரங்களில் மிஞ்சியவை கொஞ்சம். பழுதான எந்திரம் வைத்திருப்பவர்களும் அதே லீவரைத்தான் தேடுகிறார்கள். வேலை செய்யும் எந்திரத்திலிருந்து பிடுங்கி விற்கப்பட்ட லீவரை வாங்கக் கூடாது என்பது என் கட்சி. அடுத்து விமான சிமுலேட்டர்களுக்கான த்ராட்டில் குவாட்ரன்ட். தோற்றத்தில் மிகப் பொருத்தம். ஆனால் அவை விட்ட இடத்தில் நிற்கும்படி செய்யப்பட்டவை. விமானத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். ஸ்பிரிங் சேர்க்காமல் இந்த விளையாட்டுக்கு அவை ஆகாது. மூன்றாவது வழி கொஞ்சம் வேடிக்கை: மேம் பெடல் என்று சொல்கிறது அல்லவா, பழைய கார் பந்தய விளையாட்டுச் செட்டின் ஆக்சிலரேட்டர் பெடலையே எடுத்துக்கொள்வது. பொட்டென்ஷியோமீட்டர், ஸ்பிரிங், தடுப்பு எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. காலணி மிதிக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு ஒரு நீளக் குழாயைப் பொருத்தி, பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினால் லீவர் தயார். காலின் எடையைத் தாங்கச் செய்தது கையின் இழுப்பைத் தாங்காதா?

ஒன்றுமில்லாமலிருந்து செய்பவர் முதலில் கவனிக்க வேண்டியது மின்னணுவியல் அல்ல, இரும்பு. ஆட்டம் சூடு பிடித்தால் ஆட்டக்காரர் உடம்பு எடையோடு லீவரில் தொங்குவார். அந்த விசை பொட்டென்ஷியோமீட்டரின் தண்டுக்குப் போனால் ஒரே நாளில் அது முறியும். ஆகவே லீவர் தன் சொந்த அச்சில், பேரிங்கில் சுழல வேண்டும். இரு முனையிலும் சட்டத்தில் பொருத்திய தடுப்பு அதை நிறுத்த வேண்டும். ஸ்பிரிங்கும் லீவரையே இழுக்க வேண்டும். பொட்டென்ஷியோமீட்டர் அச்சோடு கூடச் சுழன்று பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சி மட்டுமே.

வாங்கும்போது முதுகில் உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். பி10கே என்றால் நேர்விகிதம்: பாதி சுற்றினால் பாதி அளவு. ஏ10கே என்றால் ஒலிக்காகச் செய்தது. அதைப் போட்டால் லீவர் பாதி தூரம் போகும் வரை எஞ்சின் முனகும், பிறகு திடீரென்று கர்ஜிக்கும். இரண்டும் கடையில் ஒரே டப்பாவில் கிடக்கும், விலையும் ஒன்று.

அடுத்த சிக்கல் கோணம். பொட்டென்ஷியோமீட்டர் ஏறக்குறைய 270 டிகிரி சுற்றும். லீவர் நகர்வதோ 45. ஆறில் ஒரு பங்குதான் பயன்படுகிறது. ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற பலகை மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை அளக்கும். ஆறில் ஒரு பங்கு என்றால் 170 படிகள். அசல் எட்டு பிட் அளவை 255. கொஞ்சம் இழப்பு, ஆனால் விளையாடுபவர் உணர்வது சந்தேகம். உணர்கிறேன் என்பவர் இரண்டு பல்சக்கரம் போட்டுச் சுழற்சியைப் பெருக்கிக்கொள்ளலாம். பல்சக்கரத்தின் தளர்வு அந்தப் பயனில் பாதியைத் தின்றுவிடும் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

லியோனார்டோ வகையைப் பலரும் எடுப்பதற்குக் காரணம் அதன் செயலி யுஎஸ்பி வழியே நேரடியாகத் தன்னை ஜாய்ஸ்டிக் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் என்பது. பழைய காலத்தில் இது இவ்வளவு சுலபமில்லை. 1981-ல் ஐபிஎம் கணினிக்கு வந்த கேம் போர்ட் எண்ணை அளக்காது. ஜாய்ஸ்டிக்கின் 100 கிலோஓம் தடை வழியே ஒரு மின்தேக்கி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று செயலி உட்கார்ந்து எண்ணும். செயலி வேறு வேலையில் இருந்தால் எண் தடுமாறும்.

நிரலில் எழுத வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் எரிபொருளைத் தொடும். ஓய்வில் இருக்கும் லீவர் சரியாகப் பூஜ்யம் காட்டாது. இரண்டு, மூன்று என்று நடுங்கும். விளையாட்டுக்கு அது எரிகிறது என்று அர்த்தம். யாரும் தொடாமலே கலத்தின் எரிபொருள் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே அடிமுனையில் ஒரு சிறு செத்த பகுதி வேண்டும்: இந்த எண்ணுக்குக் கீழே இருப்பதெல்லாம் பூஜ்யம். மேல்முனையிலும் அதே, தடுப்பில் இடித்து நிற்கும்போது முழு விசை கிடைத்தே ஆக வேண்டும். நடுக்கத்தைக் குறைக்கப் பல அளவீடுகளின் சராசரி எடுப்பார்கள். சராசரியில் பேராசை கூடாது. கை நகர்ந்த பிறகு கால் நொடி கழித்து எஞ்சின் கேட்டால், தரையில் ஒரு பள்ளம்தான் மிஞ்சும்.

கார்பன் தடத்தில் தேய்ந்து தேய்ந்து ஓடும் பொட்டென்ஷியோமீட்டருக்கு ஆயுள் உண்டு. ஒரே பகுதியில் உரசுவதால் அங்கே மட்டும் தடம் தேய்ந்து எண் துள்ள ஆரம்பிக்கும். நம் லீவரில் அது அந்தச் சரிசமப் புள்ளியைச் சுற்றித்தான் நடக்கும், எங்கே துல்லியம் வேண்டுமோ சரியாக அங்கே. இதற்குப் பயந்தவர்கள் ஹால் சென்சாருக்குப் போகிறார்கள். அச்சில் ஒரு காந்தம், எதிரே தொடாமல் ஒரு சென்சார். தேய ஒன்றுமில்லை. காந்தத்தை நிறுத்தும் விதம் தவறினால் அளவு நேர்கோட்டில் ஏறாது என்பது அதன் தொல்லை.

கடைசியாக மேம். லீவர் தன் முழு அச்சையும் அனுப்பும். பெடலுக்கோ அச்சின் ஒரு பாதி மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தால், லீவர் பாதி தூரம் வரும் வரை ஒன்றும் நடக்காது. புதிதாகச் செய்தவர்கள் கம்பிகளைப் பிரித்து மேய்ந்துவிட்டு இங்கே வந்து சேர்வார்கள். உள்ளீட்டு அமைப்பில் முழு அச்சையும் ஒதுக்கினால் தீர்ந்தது. லீவரைத் திருகிய பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குவதும் கட்டாயம், இல்லாவிட்டால் முதல் அபாயகரமான இறக்கத்தில் பலகையோடு மடியில் வந்து விழும்.

இவ்வளவும் செய்து முடித்தவருக்கு அடுத்து வரும் யோசனை, இதே லீவரில் செகாவின் 'ஆஃப்டர் பர்னர் 2' ஆடலாமே என்பது. 1987-ல் வந்த அந்தப் போர்விமான விளையாட்டு, முதல் ஆஃப்டர் பர்னரில் இல்லாத த்ராட்டிலை இடது கைக்குக் கொடுத்தது. ஆனால் அது நம் லீவரின் ஜாதி இல்லை. அங்கே நடு நிலைதான் வழக்கமான வேகம். ஒரு பக்கம் நகர்த்தினால் விரைவு, மறுபக்கம் தணிவு. ஜப்பானில் அதை வீட்டில் ஆட விரும்பியவர்களுக்காக ஷார்ப் நிறுவனம் தன் எக்ஸ்68000 கணினிக்கு 1989-ல் சைபர் ஸ்டிக் என்ற கருவியையே விற்றது. ஸ்டிக்கும் த்ராட்டிலும் கொண்டது, இடது கைக்காரர்களுக்காக இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தலாம். 2022-ல் செகாவின் மெகா டிரைவ் மினி 2 வந்தபோது கொலம்பஸ் சர்க்கிள் நிறுவனம் அதை யுஎஸ்பி வடிவில் திரும்பவும் செய்தது. எனக்குத் தெரிந்து லூனார் லேண்டருக்கு அப்படி ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. ஒற்றை ஸ்பிரிங் லீவரை ஆஃப்டர் பர்னருக்கு மாற்ற எதிர்ப்பக்கம் இன்னொரு ஸ்பிரிங் கட்ட வேண்டும், தடுப்புகளை நகர்த்த வேண்டும், செத்த பகுதியை அடிமுனையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மாற்றி மாற்றிக் கட்டிச் சலித்தவர்கள் இடது கைக்கென்று இரண்டாவது லீவருக்கு இரும்பு வாங்கப் போய்விடுகிறார்கள்.